சித்தி மூச்சு வாங்கிய இடம்

சித்தியிடம் மேடைக்கென்றே ஓர் அட்டிகை இருந்தது. சிவப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் பதித்த கவரிங் நகை. நான்கு விரல் அகலம் இருக்கும், கழுத்தை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ஓடக்காரன் மனைவி வேஷத்துக்கு இவ்வளவு பெரிய நகை ஏது என்று நாடகம் பார்க்க வருகிறவர்கள் கேட்டதுண்டு. மஞ்சள் கயிறு மட்டும் போதுமே என்று சபா செயலாளரும் சொல்லிப் பார்த்தார். சித்தி சிரித்து மழுப்பிவிடுவார். அட்டிகை மறைத்த இடத்தில், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. தைராய்டு கட்டியை எடுத்த தழும்பு. ஆபரேஷன் நடந்த விஷயம், மஸ்கட்டில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கும், சித்தியின் மகளுக்கும், என் அம்மாவுக்கும், எனக்கும் மட்டும்தான் தெரியும். சபாவில் தெரிந்தால் வேஷத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று சித்தி பயந்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார். நானும் தலையாட்டினேன்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. அப்பா இறந்த பிறகு, ஸ்ரீரங்கத்தில் மேல அடையவளஞ்சான் தெருவில் இருந்த தன் வீட்டு மாடியை எங்களுக்கு விட்டவர். கீழே சித்தியும் மகளும், மேலே அம்மாவும் நானும். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வருஷத்தில் ஏழெட்டுச் சனிக்கிழமை மாலைகளில், திருச்சியில் ஒரு சபாவின் இசை நாடகத்தில் கதாநாயகி. சபாவை ஆரம்பித்தவர் எழுதிய நாடகம் அது. காவேரி வெள்ளத்தில் ஓடக்காரன் போய்விடுகிறான். மூன்று நாள் கழித்து அவன் மனைவி கரையில் நின்று ஆற்றிடம் அவனைக் கேட்கிறாள். அந்தப் பாட்டுக்காகத்தான் ஜனங்கள் வருவார்கள். ‘கொண்டுபோனவனைக் கொடுத்துவிடு காவேரி’ என்று அது தொடங்கும். ‘விடு’ என்பது மேல் ஸ்தாயிக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும்.

சித்திக்கு முன்னால் அதைப் பாடியவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே பாடினார்கள் என்று சொல்வார்கள். சித்தி அழவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றை ஏசினார். எதிர்வீட்டுக்காரியோடு குழாயடியில் சண்டை போடுகிறவளைப் போல நிற்பார். “அழுதுக்கிட்டே கேட்டா ஆறு குடுக்குமா?” என்பது அவர் கேள்வி. அதை ஏற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள், கடைசிவரை ஏற்காதவர்களும் இருந்தார்கள். நாடகம் முடிந்ததும் மண்டபத்துக்கு எதிரே இருந்த காபிக் கடையில் இந்த இரண்டு கட்சியும் மோதிக்கொள்ளும். லால்குடியிலிருந்து பஸ் பிடித்து வரும் உரக்கடைக்காரர் ஒருவர் அழுகைக் கட்சியின் தலைவர். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இவ்வளவு வாய் எதற்கு என்பார். ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் கோபக் கட்சி. ஒரு சொல்லை எங்கே அழுத்த வேண்டும் என்பதைப் பற்றி அவரால் இரண்டு காபி ஆறும்வரை பேச முடியும். இவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். என் சித்திதான் கதாநாயகி என்பதை அங்கே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் அபிப்பிராயத்துக்கு மதிப்பு இருக்காது என்று நினைத்தேன்.

அந்தக் காபிக் கடைப் பேச்சு பிறகு ஃபேஸ்புக் குழுவாக மாறியது. நானும் எழுத ஆரம்பித்தேன். மண்டபத்தில் நான் வழக்கமாக உட்காரும் இடம் தூணை ஒட்டியது என்பதால் ‘தூணோரம்’ என்று பெயர் வைத்துக்கொண்டேன். துவாக்குடியில் பாய்லர் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. வெல்டிங் வைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல்கூடச் சிவப்புக் கோடாக எழுந்து வரும். அந்தக் கோட்டைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. பொருள் வீணாகிறதே என்ற வருத்தம் வந்ததே இல்லை. அதே புத்தியோடுதான் நாடகத்தையும் பார்த்தேன். யார் சுருதியை விட்டார்கள், யாருக்கு எந்த வேஷம் பொருந்தவில்லை, ஓடக்காரனாக நடித்தவரின் தொப்பைக்கு எந்த ஓடம் தாங்கும் என்று வேலைக்குப் பஸ்ஸில் போகும்போது ஃபோனில் எழுதுவேன். திருவெறும்பூர் தாண்டுவதற்குள் பாராட்டுகள் வர ஆரம்பித்துவிடும். ‘தூணோரம் என்ன சொல்கிறார்?’ என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் தங்கள் கருத்தைச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. வாழ்க்கையில் வேறு எங்கும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு சித்தியின் குரல் தெளிவாகத்தான் திரும்பியது, ஆனால் நீளம் குறைந்துவிட்டது. டாக்டர் அதை முன்பே சொல்லியிருந்தார். தினமும் காலை ஐந்தரைக்குக் கீழே பாட்டுச் சாதகம் தொடங்கும். மாடியில் படுத்தபடியே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ‘கொடுத்துவிடு’ என்ற ஒரே சொல்லை அவரால் ஒரே மூச்சில் பாட முடியவில்லை. ‘கொடுத்து’ என்று சொல்லி நிறுத்தி, மூச்சு வாங்கி, ‘விடு’ என்று மேலே போவார். மறுபடி முயல்வார், மறுபடி அதே இடத்தில் நிற்கும். ஆறு மாதம் இதைக் கேட்டேன். நாடகம் நடந்த சனிக்கிழமைகளில் மேடையிலும் அப்படித்தான் பாடினார். கைதட்டலில் பெரிய குறை ஒன்றும் இல்லை. பலர் கவனிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். நான் கவனித்தேன், மற்றவர்கள் கவனிக்காததைக் கவனித்தேன் என்ற கர்வமும் வந்தது.

அப்படி ஒரு நாடகம் முடிந்து, திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அதைப் பற்றி எழுதினேன். அதில் சில வரிகள் இன்னும் மனப்பாடமாக இருக்கின்றன. ‘ஆற்றில் போனவனைக் கேட்கிறாரா, தானே மூழ்கிக்கொண்டிருக்கிறாரா என்று தெரியவில்லை. கொடுத்து என்று சொல்லிக் கரையேறி, மூச்சு வாங்கி, மறுபடி இறங்கி விடு என்கிறார். இது அன்று மட்டும் நேர்ந்த தடுமாற்றமல்ல, தினமும் காலைச் சாதகத்திலேயே இந்த இடம் இப்படித்தான் உடைகிறது. கழுத்து நகை எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், பாட்டு மறைக்காது.’ கடைசியில், தோழி வேஷத்தில் ஓரமாக நிற்கும் மகளுக்கு அந்தக் குரல் இருக்கிறதென்றும், அம்மா இறங்கிக் கொடுத்தால் நாடகம் பிழைக்கும் என்றும் முடித்திருந்தேன்.

நான் எழுதியதிலேயே அதிகம் பகிரப்பட்டது அதுதான். யாரோ அந்த இடத்தின் வீடியோவைத் தனியாக வெட்டி எடுத்துப் போட்டார்கள். அதன் பின்னால் ஆம்புலன்ஸ் சத்தத்தைச் சேர்த்து இன்னொருவர் போட்டார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஓடக்காரன் மனைவி நிற்கும் படம் ஒன்று வந்தது. வயசுக்கேற்ற வேஷமாக ஓடக்காரனின் மாமியாராக நடிக்கட்டும் என்று எழுதினார் உரக்கடைக்காரர். கழுத்து நகை என்ற வரியைப் பிடித்துக்கொண்டு, அங்கே என்ன இருக்கும் என்று ஆளுக்கொன்றாக யூகித்தார்கள். அந்த யூகங்களை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்று அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்தேன். இரண்டு மூன்றுக்குச் சிரிப்புப் பொம்மையும் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தி மாடிக்கு வந்தார். அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நாலு மொச்சையை உரித்துப் போட்டுவிட்டு, ஃபோனை என்னிடம் நீட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கீழ் வீட்டிலேயே வைத்துவிட்டதாகவும், யாரோ எதையோ அனுப்பியிருப்பதாகவும் சொல்லி, கொஞ்சம் படித்துக் காட்டச் சொன்னார். திரையில் இருந்தது நான் எழுதியது.

படித்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் வாக்கியங்களை என் குரலில் கேட்டபோதுதான் அவை எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்து நினைத்து எழுதப்பட்டவை என்பது புரிந்தது. காலைச் சாதகம், கழுத்து நகை இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன். சித்தி தலையை நிமிர்த்தவில்லை.

“நடுவுல ஏதோ விட்ட மாதிரி இருக்கே. அதையும் படிப்பா” என்றார்.

அதையும் படித்தேன். அம்மாவின் கை நின்றுவிட்டது. அம்மா பொதுவாகச் சபிக்கிற ஆள் இல்லை. அன்று சபித்தார். எழுதினவன் வாயில் புண் வரட்டும், அவன் நாக்கு அழுகட்டும், அவனும் ஒருநாள் மூச்சுக்கு அலையட்டும் என்று நிறுத்தாமல் சொன்னார். சித்தி உரித்த மொச்சையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, அம்மாவின் முழங்காலில் கை வைத்தார்.

“அப்படியெல்லாம் சொல்லாதக்கா. யாரு பெத்த பிள்ளையோ.”

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஃபோனை வாங்கிக்கொண்டு எழுந்தார். படியிறங்கும்போது இடுப்பில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டதை நான் மேலிருந்து பார்த்தேன். மறுநாள் காலை ஐந்தரைக்குக் கீழே சத்தம் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

செயலாளர் வீட்டுக்கு வந்து, ஜனங்கள் இப்படியெல்லாம் பேசுகிறார்களே என்று இழுத்தார். சித்தி அவரை முடிக்கவே விடவில்லை. மகளையே போட்டுக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். சித்தி மகளுக்கு, என் தங்கைக்கு, அந்த வேஷத்தில் ஆசை இருந்ததில்லை. தில்லைநகரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அம்மாவோடு சேர்ந்து நிற்கலாம் என்பதற்காகத்தான் தோழியாக நின்றவள் அவள். மாட்டேன் என்று அழுதாள். பிறகு, வேஷம் வெளியாள் கைக்குப் போய்விடும் என்று யாரோ சொல்ல, ஒப்புக்கொண்டாள். ஒத்திகைக்குப் போவதற்கு முந்தின நாள் நான் கீழே இருந்தேன். அந்தப் பாட்டை எப்படி எடுக்க வேண்டும் என்று அவள் சித்தியிடம் கேட்டாள். சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“தூணோரம்னு ஒருத்தர் எழுதுறார்ல, அவரைக் கேளு. அவருக்குத்தான் எல்லாம் தெரியும்” என்றார்.

தங்கை என்னைப் பார்த்து, அம்மா எப்படிப் பேசுகிறாள் பார் என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள். நான் ஃபோனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அவள் நன்றாகப் பாடினாள். அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. ‘கொடுத்துவிடு’ என்ற சொல் உடையாமல் ஒரே வீச்சில் மேலே போய் நின்றது. மண்டபம் எழுந்து கைதட்டியது. சித்தி வரவில்லை. இரண்டு நாள் குழுவில் கொண்டாட்டமாக இருந்தது. மூன்றாம் நாள் உரக்கடைக்காரர், எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஆஸ்பத்திரித் தரை மாதிரி, என்று எழுதினார். அதற்காகவே காத்திருந்ததுபோல எல்லோரும் திரும்பினார்கள். குரல் இருக்கிறது, ஆள் இல்லை என்றார்கள். கல்லூரி ஆண்டு விழாவில் பாடுகிற பெண் என்றார்கள். தமிழாசிரியை நீளமாக ஒன்று எழுதினார். ‘கொடுத்து’ என்ற இடத்தில் அம்மா நின்று மூச்சு வாங்குவாரே, அதுதான் நடிப்பு, ஆற்றை அதட்டப் போகிறவள் ஒரு கணம் பயந்து நிற்கிறாள், மகளுக்கு அந்தப் பயமே தெரியவில்லை என்று அதில் விளக்கியிருந்தார். ஆம்புலன்ஸ் சத்தம் போட்ட அதே ஆள், சத்தத்தை நீக்கிவிட்டு அதே வீடியோவை, இனி யார் இருக்கிறார்கள் என்று கண்ணீர்ப் பொம்மையோடு போட்டார்.

நானும் எழுதினேன். எழுதாமல் இருந்திருக்கலாம். எல்லோரும் தூணோரம் எங்கே என்று கேட்டார்கள். ‘அம்மாவிடமிருந்து புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டார், கோபத்தை வாங்கிக்கொள்ளவில்லை’ என்று எழுதினேன். இரண்டாவது நாடகத்தின்போது பின்வரிசையில் யாரோ அந்த வரியைச் சத்தமாகச் சொன்னார்கள். மேடைக்குக் கேட்டது. தங்கை பாட்டைப் பாடி முடித்தாள். திரை விழுந்ததும் மேக்கப்பைக் கலைக்காமலே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று மாடிக்கு வந்து என்னிடம்தான் கேட்டாள்.

“அண்ணா, நீ பொய் சொல்ல மாட்ட. உண்மையிலேயே நான் அவ்வளவு மோசமாவா பாடுறேன்?”

அதையெல்லாம் படிக்காதே என்றேன்.

அவள் கோபம் சித்தியின் மேல் திரும்பியது. நான் தோற்க வேண்டும் என்பதற்காகவே வேஷத்தைத் தூக்கிக் கொடுத்தாய், சொல்லித்தரவில்லை, பார்க்க வரவில்லை, இப்போது ஊரே உன்னைப் புகழ்கிறது, நீ நினைத்தது நடந்துவிட்டது என்று கீழே கத்தியது மாடிவரை கேட்டது. அடுத்த மாதம் தங்கை சென்னையில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். ஃபோன் செய்தால் என் அம்மாவோடு மட்டும் பேசுவாள்.

அவள் போன வாரம் நான் கீழே போனேன். சித்தி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. அந்த அழுகையில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. சித்தி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“தெரியும்ப்பா. காலைல நான் பாடுறது வேற யாருக்குக் கேக்கும்?”

ஏன் அன்றே கேட்கவில்லை என்றேன்.

“அக்காவுக்கு நீ ஒருத்தன்தானே இருக்க.”

தங்கையிடமும் சொல்லிவிடுகிறேன், அவள் உங்கள் மேல் கோபப்பட நியாயமே இல்லை என்றேன். சித்தி என்னை நேராகப் பார்த்தார். அத்தனை மாதங்களில் அதுதான் முதல் தடவை.

“சொல்லி நீ நிம்மதியாப் போயிடலாம்னு பாக்குறியா? வேண்டாம். என்கிட்ட இறக்கி வச்சிட்டல்ல, அதோட நிறுத்திக்க. அவளுக்கு அண்ணன்னு ஒருத்தனாவது இருக்கட்டும்.” பிறகு, அதே குரலில், “எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல. அந்த இடத்துல மூச்சு வாங்கினேன்தான். ஆனா மேல நீ இருக்கேன்னு நினைச்சாலே என்னால வாயைத் திறக்க முடியல. அடுத்த மாசத்துக்குள்ள வேற வீடு பாத்துக்க. அக்காகிட்ட பஸ்ஸுக்குப் பக்கம்னு சொல்லிக்க” என்றார். மறுபடி இஸ்திரியை எடுத்துக்கொண்டார்.

அப்படியே சொன்னேன். திருவெறும்பூரில் வீடு பார்த்தேன். என் ஒரே தங்கையிடமிருந்து என்னைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போகிறாயே, உனக்குப் பஸ்தான் பெரிதா என்று அம்மா வழியெல்லாம் அழுதார். இன்றும் விசேஷ நாட்களில் அதைச் சொல்லிக் காட்டுவார். சபாவிலிருந்து செயலாளரும் உரக்கடைக்காரரும் மாலையோடு போய்ச் சித்தியைத் திரும்பக் கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன். வாசலிலேயே மோர் கொடுத்து அனுப்பிவிட்டாராம். அதற்கும் குழுவில் கருத்துகள் வந்தன. தலைக்கனம் என்றார்கள். தன்மானம் என்றார்கள். அந்த வேஷத்தை இப்போது தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தி செய்கிறாள். அழுதுகொண்டே பாடுகிறாள். உரக்கடைக்காரருக்குத் திருப்தி.

எழுதுவதை அன்றோடு விட்டுவிட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். எட்டு மாதம் விட்டிருந்தேன். பிறகு வேறு ஒரு பெயரில் ஆரம்பித்தேன். முன்னைவிடக் கவனமாக எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கவனமாக எழுதும்போதும் ஒரு நல்ல வரி அகப்பட்டால் அதை விட மனம் வருவதில்லை. அந்த வரி யார்மேல் விழும் என்பது அப்போது ஞாபகத்துக்கு வருவதும் இல்லை. பழைய தூணோரம் அளவுக்கு இவருக்குக் கூர்மை போதாது என்று போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களுக்கு முன்பு, வேலை முடிந்து துவாக்குடியிலிருந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற பெண், அங்குள்ள என்ஜினியரிங் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், ஸ்ரீரங்கம் போகிறவர். அடிக்கடி பார்க்கிற முகம். பேச்சுவாக்கில், மேல அடையவளஞ்சான் தெருவில் ஒரு மாடிக்குக் குடிவந்திருப்பதாகச் சொன்னார். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தண்ணீருக்குக் குறையில்லை, வெயில்தான் கொஞ்சம் அதிகம் என்றார். பிறகு முகம் மலர்ந்து, கீழ் வீட்டு அம்மாவைப் பற்றிச் சொன்னார். பாட்டு டீச்சராம். காலை ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடுவாராம். முதல் வாரம் தூக்கம் கெட்டதாம், இப்போது அதைக் கேட்காமல் அடுப்பு பற்றவைக்க முடிவதில்லையாம். சங்கீதமெல்லாம் தனக்குத் தெரியாது, யாரோடோ சண்டை போடுகிற மாதிரி ஒரு பாட்டு, அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார்.

“உங்களுக்குப் பாட்டுல இஷ்டம் போல இருக்கே. ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன். மாடியில உக்காந்தா நல்லாக் கேக்கும்” என்றார்.

“கண்டிப்பா வரேங்க” என்று சொல்லிவிட்டுத் திருவெறும்பூரில் இறங்கிக்கொண்டேன்.